ஊருக்கு ஒரு பில்ட் மெஷின்

வன்னியில இப்ப "றோபோட்டிக்ஸ்" எண்ட சொல்லுக்குப் பஞ்சமில்லை. பாடசாலை மண்டபம், ரியூசன் கொட்டில், நூலக மாடி எண்டு எங்க பார்த்தாலும் ஒருநாள் பட்டறை. காலையில மங்கள விளக்கேற்றல், பிறகு வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. உரைகள் முடிஞ்சு மிச்ச நேரத்தில ஒரு எல்.இ.டி விட்டு விட்டு எரியும். பின்னேரம் சான்றிதழ், குறூப் போட்டோ. அடுத்த நாள் கிட் எல்லாம் பெட்டிக்குள்ள போய், பெட்டி அலுமாரிக்குள்ள போய், அலுமாரித் திறப்பு அதிபரிட்டப் போயிடும்.

எல்.இ.டி எரியிறதை நாங்கள் நக்கல் அடிக்கேல்லை. முதல் தரம் கையால ஒண்டை எரிய வைக்கிற பிள்ளையின்ர முகத்தைப் பார்த்தவைக்கு அதன்ர பெறுமதி தெரியும். எங்களுக்குக் கவலை அதுக்கு அங்கால ஒரு படியும் இல்லை எண்டதுதான். உயர்தரத்தில தொழினுட்பப் பிரிவு 2013 இல தொடங்கினது. நெளுக்குளத்தில மன்னார் வீதியில தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு. அதே வீதியால இன்னும் மேற்க போனால் பம்பைமடுவில வவுனியாப் பல்கலைக்கழகம், அங்க தொழினுட்பத்துக்கெண்டு தனிப் பீடமே இருக்கு. கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். இவ்வளவும் இருந்தும், வீட்டுச் சுவரில தொங்குற வைஃபை றவுட்டருக்குள்ள ஓடுறது லினக்ஸ், அதை நாங்களே கட்டி எழுப்பலாம் எண்டு ஒரு 19 வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க ஊருக்குள்ள ஒரு இடம் இல்லை.

றவுட்டர் மட்டுமில்லை. கடையில இருக்கிற சிசிடிவி பெட்டி, ரீவிக்குப் பின்னால ஒட்டியிருக்கிற அன்ட்ரொயிட் பெட்டி, வங்கியில டோக்கன் காட்டுற திரை எண்டு இப்பிடியான பெட்டிகளில பெரும்பாலும் ஏதோ ஒரு வடிவத்தில லினக்ஸ்தான். பெட்டிக்குள்ள உட்பொதிச்ச லினக்ஸ். இதைப் படிக்க வெளிக்கிடுற பிள்ளை கோட் எழுதத் தெரியாமல் விழுறதில்லை. கோட் எழுதுறதுக்கு முன்னமே, அதை எழுதிக் கட்டுறதுக்கான களத்தை அமைக்கிற இடத்திலதான் விழுகுது. நாங்கள் பார்த்த அளவில பத்துப் பேர் தொடங்கினால் எட்டுப் பேர் அங்கதான் நிண்டு போயினம். அந்தச் சூழல் அமைக்கிற வேலையை ஒவ்வொரு பிள்ளையும் தன்ர வீட்டில தனியச் செய்யவேணும் எண்டு நினைக்கிறதே பிழை எண்டது எங்கட நிலைப்பாடு. ஊருக்கு ஒரு அரிசி ஆலை காணும். ஒவ்வொரு வீட்டுக் குசினியிலயும் ஆலை பூட்டத் தேவையில்லை.

இதில கஷ்டம் எங்க வருது எண்டால், சாதாரணமாக நாங்கள் மடிகணினியில புறோகிராம் எழுதினால் அதே மடிகணினியிலதான் ஓட்டிப் பார்ப்பம். பெட்டிக்குள்ள இருக்கிற சிப்போ வேற சாதி. எங்கட மடிகணினி இன்டெல் வகை எண்டால் பெட்டிக்குள்ள இருக்கிறது ஏ.ஆர்.எம் ஆகவோ மிப்ஸ் ஆகவோ இருக்கும். அதின்ர நினைவகமும் சின்னன், அதில வைச்சு எதையும் கம்பைல் பண்ணேலாது. அதால இங்க கம்பைல் பண்ணி அங்க ஓட்ட வேணும். இதுக்குத்தான் குறொஸ் கம்பைலர். கம்பைலரோட அசெம்பிளர், லிங்கர், சி லைப்ரரி எல்லாம் சேர்ந்த கட்டுக்கு டூல்செயின் எண்டு பேர். இதுக்கு மேல, சிப்பை முதலில எழுப்பிவிடுற பூட்லோடர் வேணும், கேர்னல் வேணும், பிறகு கோப்புகளும் கட்டளைகளும் இருக்கிற றூட் ஃபைல்சிஸ்டம் வேணும். நாலும் ஒண்டோடொண்டு பொருந்த வேணும்.

பொருந்தாட்டி என்ன நடக்கும் எண்டதுக்கு ஒரு உதாரணம். உபுண்டு 22.04 போட்ட மடிகணினியில, அப்ட்டில கிடைக்கிற ஏ.ஆர்.எம் கம்பைலரை எடுத்து ஒரு சின்னப் புறோகிராம் கட்டுறியள். அதைப் பழைய றாஸ்பெரி பை கார்ட்டில, டெபியன் 11 ஓடுறதில, போட்டு ஓட்டுறியள். ஜிலிப்சி 2.34 காணேல்லை எண்டு அது முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்லும். உபுண்டுவில இருக்கிற சி லைப்ரரி 2.35, கார்ட்டில இருக்கிறது 2.31. கோட்டில ஒரு பிழையும் இல்லை. ஆனால் பிள்ளை மூண்டு நாள் கோட்டையே திருப்பித் திருப்பித் திருத்திக்கொண்டிருக்கும், "எனக்கு இது சரிவராது" எண்டு தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும். பக்கத்தில இருந்து "தம்பி, கோட்டில கையை வைக்காதை, டூல்செயினைப் பார்" எண்டு சொல்ல ஒராள் இருந்தால் பத்து நிமிச வேலை.

இந்த நாலையும் பொருத்திக் கட்டித் தாற கருவிகள் இருக்கு. பெரிய கம்பனிகள் பாவிக்கிறது யொக்டோ. வேலைக்குப் போனால் அதுதான் கேப்பினம், அதில மறுப்பில்லை. ஆனால் அதின்ர இப்போதைய கையேடு தொடக்கத்திலயே 140 கிகாபைட்டு வெற்றிடமும் 32 கிகாபைட்டு றாமும் கேக்குது. எங்கட பக்கத்தில ஒரு பிள்ளையிட்ட இருக்கிறது மாமா வெளிநாட்டிலயிருந்து அனுப்பின பழைய மடிகணினி, 4 இல்லாட்டி 8 கிகாபைட்டு றாம், பற்றரி செத்தது. இணையம் எண்டால் போனில போடுற டேட்டா. இந்தக் கணக்கை வைச்சுக்கொண்டு யொக்டோவிலதான் தொடங்கவேணும் எண்டு சொல்லுறவையை நாங்கள் நம்பேல்லை. அவை தங்கட மேசையைப் பார்த்துச் சொல்லுகினம்.

பில்ட்றூட் வேற மாதிரி. 2001 இல தொடங்கின திட்டம், வருசத்துக்கு நாலு வெளியீடு. மெனுவில என்ன சிப், என்ன பக்கேஜ் எண்டு தெரிவு செய்து சேமிச்சுப்போட்டு மேக் எண்டு அடிச்சால், டூல்செயினில தொடங்கி றூட் ஃபைல்சிஸ்டம் வரைக்கும் தானே கட்டும். உள்ளுக்குள்ள வாற கட்டளைகளைத் தாறது பிசிபொக்ஸ். டெபியன் இன்ஸ்டோல் பண்ணுற ஃபுளொப்பிக்குள்ள அடக்குறதுக்கெண்டு 1990களின் நடுவில எழுதினது, இப்ப 300க்கு மேற்பட்ட கட்டளைகளை ஒரே ஒரு கோப்புக்குள்ள வைச்சிருக்கு. எங்கட நாலு கோர் பழைய டெஸ்க்ரொப்பில கியூஎமுவுக்கான அடிப்படைக் கட்டமைப்பைக் கட்டி முடிக்க ஒண்டரை மணித்தியாலம் போனது. பதிவிறக்கம் ஒரு கிகாபைட்டுக்குள்ள. டூல்செயினையும் முதலில இருந்து கட்டாமல் பிரான்சின் பூட்லின் நிறுவனம் இலவசமாகத் தாற ஆயத்த டூல்செயினை எடுத்தால் இன்னும் கெதியாய் முடியும். அவையின்ர பயிற்சி வகுப்புக் குறிப்புகளும் அப்பிடியே திறந்து கிடக்கு. ஆயிரக்கணக்கில காசு வாங்குற எத்தினையோ ஒன்லைன் கோர்ஸை விட அது திறம்.

இப்ப விசயத்துக்கு வாறம். பில்ட்றூட்டுக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கு. "மேக் சோர்ஸ்" எண்டு ஒரு கட்டளை குடுத்தால் ஒண்டையும் கட்டாமல், தேவையான மூலக்கோப்புகளை மட்டும் இறக்கி ஒரு ஃபோல்டருக்குள்ள வைக்கும். அந்த ஃபோல்டரை எங்க வைக்கிறது எண்டு நாங்கள் சொல்லலாம். அப்பிடியெண்டால் ஃபைபர் லைன் இருக்கிற ஒருத்தர் வீட்டில ஒருக்கா இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில ஊருக்குள்ள கொண்டு வந்தால், அதுக்குப் பிறகு அந்தக் கட்டமைப்பை எத்தினை பேர் எத்தினை தரம் கட்டினாலும் ஒரு மெகாபைட் டேட்டாவும் போகாது. உள்ளூர் வலையமைப்பில ஒரு சின்ன வெப் சேர்வர் போட்டு, முதலில இங்க தேடு, இல்லாட்டி மட்டும் வெளியில போ எண்டும் பில்ட்றூட்டுக்குச் சொல்லி வைக்கலாம். நாங்கள் அப்பிடித்தான் வைச்சிருக்கிறம். சேர்வர் எண்டவுடன பெரிசாய் நினைக்காதேங்கோ. அலுவலகம் ஒண்டு கழிச்சுவிட்ட டெஸ்க்ரொப், கூடுதலாய் வாங்கிப் போட்ட றாம், ஒரு சின்ன யூ.பி.எஸ், அவ்வளவுதான்.

கம்பைல் பண்ணுற பாரம் முழுக்க அந்த ஒரு மெஷினுக்கு. பிள்ளைகளின்ர மடிகணினி வெறும் ஜன்னல். எஸ்.எஸ்.எச் ஊடாக உள்ளுக்குப் போய், கட்டளை குடுத்துப்போட்டு வெளியில வரலாம். டிமக்ஸ் போட்டு வைச்சால் மடிகணினி நிண்டாலும் அங்க வேலை நிக்காது. கரண்ட் போய் மெஷினே நிண்டாலும் பில்ட்றூட் ஒவ்வொரு பக்கேஜாக அடையாளம் வைச்சுக்கொண்டு போறதால, திரும்ப மேக் அடிக்கக் கட்டி முடிஞ்சதைத் தாண்டி மிச்சத்திலயிருந்து தொடங்கும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கட ஊரில ஒரு கருவி நல்லதோ கெட்டதோ எண்டு பார்க்க நாங்கள் முதலில கேக்கிற கேள்வி, இடையில நிண்டால் திரும்ப எங்கயிருந்து தொடங்கும் எண்டதுதான். எந்தக் கையேட்டிலயும் அந்தக் கேள்வி இல்லை.

இன்னொண்டையும் சொல்லவேணும். "மையம் எல்லாருக்கும் திறந்திருக்கு" எண்டு அறிவிப்புப் போடுறது லேசு. அந்த மையம் பின்னேரம் 5 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்குப் பூட்டினால், அதில எத்தினை பெண் பிள்ளைகள் வந்திருப்பினம்? மன்னார் வீதியில இருட்டின பிறகு தனியச் சைக்கிளில வீட்டை போகச் சொல்லி எந்த அம்மா விடுவா? எஸ்.எஸ்.எச் இதுக்கு ஒரு பாதி மருந்து. எழுத்து மட்டும்தான் போய் வாறதால போன் டேட்டாவில வீட்டில இருந்தே வேலை செய்யலாம், ஒரு யூரியூப் காணொளி தின்னுற டேட்டாவில மாதக்கணக்காய் ஓட்டலாம். மற்றப் பாதி மருந்து சனி, ஞாயிறு பகலில அறை திறந்திருக்கிறது. எங்களோட இப்ப கேர்னல் கட்டமைப்பில ஆகத் தெளிவாய் இருக்கிற ரெண்டு பேரும் பெண் பிள்ளைகள். ரெண்டு பேரும் இரவில வீட்டில இருந்துதான் உள்ளுக்கு வாறவை.

போர்ட் வாங்குறதைப் பற்றி. முதல் மூண்டு மாதம் ஒண்டும் வாங்கவேண்டாம். கியூஎமு எண்ட மென்பொருள் ஏ.ஆர்.எம் மெஷினைத் திரையிலயே நடிச்சுக் காட்டும். கட்டின கேர்னலை அதில எழுப்பி, லொகின் எண்டு கேக்கிற இடத்துக்கு வந்து, றூட் எண்டு அடிச்சு உள்ளுக்குப் போற அந்த நேரத்துக்கு ஒரு சதமும் தேவையில்லை. பிறகு வாங்குறதெண்டால் முதலில வாங்கவேண்டியது போர்ட் இல்லை, யூ.எஸ்.பி சீரியல் கேபிள். போர்ட்டில திரை வேலை செய்யாட்டியும், நெட்வேர்க் வேலை செய்யாட்டியும், பூட்லோடர் முதல் சொல்லு சொல்லுறது அந்தக் கேபிளாலதான். மூண்டு வயர் போதும். கிறவுண்டுக்குக் கிறவுண்ட், அனுப்புறதை வாங்குறதுக்கும் வாங்குறதை அனுப்புறதுக்கும் மாறிக் குடுக்கிறது, வேகம் பெரும்பாலும் 115200. நாலாவது சிவப்பு வயரைத் தொடவேண்டாம். 3.3 வோல்ட் பின்னில 5 வோல்ட் குடுக்கிற மலிவு கேபிளும் சந்தையில இருக்கு, போர்ட்டைக் கருக்கிப்போடும், மீற்றர் வைச்சுப் பார்த்துப்போட்டுக் கொழுவுங்கோ.

போர்ட்டுக்குப் பதிலாய் வீட்டில தூசு பிடிச்சுக் கிடக்கிற பழைய றவுட்டரையும் எடுக்கலாம். லிங்சிஸ் கம்பனி 2002 கடைசியில விட்ட டபிள்யூ.ஆர்.டி 54ஜி எண்ட றவுட்டருக்குள்ள லினக்ஸ் இருக்கிறதை ஆக்கள் கண்டுபிடிச்சு, ஜி.பி.எல் உரிமத்தின்படி மூலநிரலைத் தா எண்டு கேட்டு, 2003 இல அதை வெளியில எடுப்பிச்சினம். அந்த நிரலைப் பிடிச்சுத்தான் 2004 இல ஓப்பின்டபிள்யூ.ஆர்.டி தொடங்கினது. இண்டைக்கு அது நூற்றுக்கணக்கான மொடல்களில ஓடுது. உங்கட மொடல் அந்தப் பட்டியலில இருந்தால் அதிர்ஷ்டம். இங்க விக்கிற கன றவுட்டர்கள் அதில இல்லை, பூட்லோடரும் பூட்டின பூட்டு. காசு குடுத்து வாங்கின பெட்டிக்குள்ள என்ன நடக்குது எண்டு பார்க்க உரிமை இல்லாமல் இருக்கிறதை எங்கட சனம் ஒரு பிரச்சினையாகவே எடுக்கிறதில்லை. எடுக்கத் தெரிஞ்ச ஆக்கள் ஊருக்குள்ள இருந்தால்தானே?

விண்டோஸ் பாவிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு, ஏனெண்டால் இதைத்தான் கூடுதலாய்க் கேக்கினம். டபிள்யூ.எஸ்.எல் 2 இல பில்ட்றூட் ஓடும். ஆனால் விண்டோஸின்ர பாத் உள்ளுக்கு வந்து சேர்ந்து, அதில "புறோகிராம் ஃபைல்ஸ்" எண்ட பேருக்கு நடுவில இடைவெளி இருக்கிறதால பில்ட்றூட் கட்ட மறுக்கும். விண்டோஸ் பாத்தை உள்ளுக்கு விடாதை எண்டு கட்டமைப்புக் கோப்பில ஒரு வரி போட்டால் தீரும். சி டிறைவுக்குள்ள வைச்சுக் கட்டவும் வேண்டாம். லினக்ஸ் பக்க ஃபோல்டருக்குள்ள வைச்சுக் கட்டுங்கோ.

இனி எங்களிட்ட வாற எதிர்க்கதைகள். முதலாவது, "உதைப் படிச்சு என்ன வேலை?" நியாயமான கேள்விதான். வவுனியாவில இருந்துகொண்டு வெப்சைட் செய்தால் வெளிநாட்டு வேலை எடுக்கலாம், மாதத்துக்கு ஏதோ கைக்கு வரும். உட்பொதி லினக்ஸ் வேலை இலங்கையில குறைவு, இருக்கிறதும் கொழும்பில. இதைப் படிச்சால் உடன சம்பளம் எண்டு ஆரும் சொன்னால் அவர் கோர்ஸ் விக்கிறார் எண்டு எடுங்கோ. ஆனால் வெப் வேலைக்கு நிக்கிற வரிசையின்ர நீளத்தையும் பாருங்கோ. கணினியை அடியில இருந்து விளங்கின ஆளுக்கு, எந்த வரிசையில போய் நிண்டாலும் அந்த விளக்கம் கூட வரும். 2018 இல சென்னை ஐ.ஐ.டி.யின்ர சக்தி குழு தாங்களே வடிவமைச்ச சிப்பில லினக்ஸை எழுப்பிக் காட்டினவை. அந்த வேலையில மாணவர்களுக்கும் பங்கு இருந்தது. சிப் வடிவமைக்கிற வசதி எங்களுக்கு இல்லை, வரப்போறதுமில்லை. ஆனால் சிப்பில லினக்ஸை எழுப்புற பாதி இருக்கே, அதுக்கு வேண்டியது இந்த டெஸ்க்ரொப்தான்.

ரெண்டாவது, "எங்கட தேவைக்கு லினக்ஸ் எதுக்கு?" இதில நாங்கள் அரைவாசி ஒத்துப்போறம். குளத்தின்ர நீர்மட்டம் பார்க்க, தோட்டத்துக் கிணற்று மோட்டரைப் போனால நிப்பாட்ட, ஒரு ஈ.எஸ்.பி 32 போதும். அதுக்குள்ள லினக்ஸைத் திணிக்கிறது கத்தரிக்காய் வெட்ட வாள் எடுக்கிற மாதிரி. கமரா, கூட நெட்வேர்க், கோப்புச் சேமிப்பு, தமிழ் எழுத்தோட திரை எண்டு வரேக்கதான் லினக்ஸ். எது எதுக்கு எது காணும் எண்டு பிரிச்சுச் சொல்லுறதும் படிப்பிக்க வேண்டிய ஒண்டு. பட்டறைகளில அதைச் சொல்லுறேல்லை, ஏனெண்டால் கிட்டில என்ன இருக்கோ அதுதான் பாடம்.

மூண்டாவது மொழி. பிழைச்செய்தி எல்லாம் ஆங்கிலத்தில வரும். அதை மாத்தேலாது, மாத்தவும் தேவையில்லை. ஆனால் அந்தப் பிழை ஏன் வந்தது, என்ன செய்தம் எண்டதை நாங்கள் தமிழில எழுதி வைக்கலாம். தமிழ்நாட்டில கணியம் 2012 இல இருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில எழுதிக்கொண்டு வருது. எங்கட மெஷினில ஒரு ஃபோல்டர் இருக்கு, ஒவ்வொரு பிழைச்செய்திக்கும் ஒரு சின்னக் கோப்பு. மேல ஆங்கிலச் செய்தி அப்பிடியே, கீழ தமிழில நாலு வரி. இப்ப கிட்டத்தட்ட எழுபது கோப்பு சேர்ந்திட்டுது. புதுசாய் வாற பிள்ளை பிழையைக் கண்டு பயப்பிடாமல் முதலில அந்த ஃபோல்டருக்குள்ள தேடுது. அதில இல்லாத பிழை வந்தால் ஒரு சின்னப் புளுகம் வேற, "இது என்ர கோப்பு" எண்டு.

பொருளாதாரத் தடைக் காலத்தில வன்னியில சைக்கிள் டைனமோ மிதிச்சு ரேடியோ கேட்ட கதையைப் பெரியாக்கள் சொல்லுவினம். நாங்கள் இப்பிடி ஏதும் செய்யேக்க அதைச் சொல்லி முதுகில தட்டுகினம். "எங்கட பிள்ளையள் ஒண்டுமில்லாமலே செய்வினம்" எண்டு மேடையிலயும் சொல்லுகினம். எங்களுக்கு அந்தப் பாராட்டில கொஞ்சம் எரிச்சல்தான். டைனமோ மிதிச்சவை விருப்பத்தில மிதிக்கேல்லை, பற்றரி தடை. இண்டைக்கு ஒரு தடையும் இல்லை. கிட்டுக்கும் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் பானருக்கும் காசு வருது. அந்தக் காசில பானரை மட்டும் நிப்பாட்டினாலே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்.

ஆகவே பட்டறை வைக்கிற ஆக்களிட்ட, அது நிறுவனமாய் இருந்தாலும் பழைய மாணவர் சங்கமாய் இருந்தாலும் வெளிநாட்டில இருந்து காசு அனுப்புற அண்ணாமாராய் இருந்தாலும், நாங்கள் கேக்கிறது இதுதான். இருபது கிட்டுக்குப் பதிலாய் ஒரு நல்ல டெஸ்க்ரொப் வாங்குங்கோ. 32 கிகாபைட்டு றாம் போடுங்கோ, அப்ப யொக்டோவையும் அதில கட்டலாம். யூ.பி.எஸ் கட்டாயம். அதைப் பூட்டு அலுமாரிக்குள்ள வைக்காமல் ஒரு நூலகத்திலயோ கல்லூரியிலயோ இருபத்துநாலு மணித்தியாலமும் எரியவிடுங்கோ. கரண்ட் பில் ஆர் கட்டுறது எண்டதை முதல் நாளே பேசித் தீருங்கோ, இப்பிடியான அறைகள் பூட்டுப்படுறது பெரும்பாலும் அந்தக் கணக்கிலதான். ஒரு வருசத்துக்கு ஒராளுக்குக் கொஞ்சம் கொடுப்பனவு குடுத்து, சனி ஞாயிறு பகலில அங்க இருக்கச் சொல்லுங்கோ. அந்த ஆள் எல்லாம் தெரிஞ்ச ஆளாய் இருக்கத் தேவையில்லை. ஜிலிப்சிப் பிழையை முன்னம் ஒருக்காக் கண்ட ஆளாய் இருந்தால் காணும்.

எங்கட பதிவிறக்க ஃபோல்டரைப் பிரதி எடுக்க விரும்புறவை 64 கிகாபைட்டு பென் டிறைவோட வாங்கோ, ஞாயிறு பகல். அதுக்குள்ள சுருக்கின மூலக்கோப்புகள் மட்டும்தான் இருக்கு, எக்ஸ்ஃபற்றில இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் வீட்டை போய் அந்த பென் டிறைவுக்குள்ளயே வைச்சுக் கட்டாதேங்கோ. எக்ஸ்ஃபற்றுக்கு சிம்லிங்க் தெரியாது, பாதி வழியில நிண்டிடும்.